வஸீரின் நூலும் வஸீரின் வீடும்: சியாசத்நாமா – ஒரு மறுவாசிப்பு

ஆட்சியாளரின் அறம் குறித்து நம்மவர் எழுதியும் பேசியும் இருப்பது மிகுதி. ஆட்சியாளருக்கு அருகில் அமர்ந்திருப்பவரின் அறம் குறித்து எழுதப்பட்டிருப்பது மிகக் குறைவு. ஆணை யாருடைய பெயரில் வெளியாகிறதோ அவரை வரலாறு நினைவில் வைத்துக்கொள்கிறது. அந்த ஆணையை வரைந்து நீட்டியவர், ஆள்பவரைக் காண யாரை உள்ளே விடுவது, யாரைத் திருப்பி அனுப்புவது என்று தீர்மானித்தவர், வந்த மனுக்களில் எதை முதலில் வாசித்துக் காட்டுவது என்று முடிவுசெய்தவர் ஆகியோர் நிழலிலேயே நின்றுவிடுகின்றனர். வஸீர், காத்திப், ஹாஜிப், நதீம் என்று நம் மரபு இவர்களுக்குப் பல பெயர்களை வழங்கியது. இன்றைய அரசுகளில் ஆலோசகர், தனிச்செயலர், சிறப்பு உதவியாளர் என்ற பெயர்களில் இவர்கள் உலவுகின்றனர். ஆள்பவரை எந்நேரமும் அணுகக்கூடிய ஒருவருக்குத் தம் குடும்பமும் வணிகமும் நட்பும் ஒருபுறமும், தாம் ஏற்ற பொறுப்பு மறுபுறமும் இழுக்கும் நிலை ஏற்படுமானால் அதனை நலன்முரண் என்கிறோம். சொல் புதிது, பொருள் புதிதன்று.

இப்பொருள் குறித்து இஸ்லாமிய அரசியல் இலக்கியம் என்ன சொல்கிறது என்று கேட்போருக்கு முதலில் எடுத்துத் தரப்படும் நூல் நிஜாமுல் முல்க் பாரசீகத்தில் எழுதிய சியாசத்நாமா. கி.பி. 1018இல் தூஸ் பகுதியில் பிறந்த இவர், செல்ஜூக் சுல்தான்களான அல்ப் அர்ஸலானுக்கும் அவர் மகன் மலிக் ஷாவுக்கும் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் வஸீராக விளங்கினார். பக்தாத் முதலிய நகரங்களில் நிஜாமிய்யா மதரஸாக்களை நிறுவியவரும் இவரே. அரசின் நிலை குறித்தும் அதனைச் சீர்செய்யும் வழி குறித்தும் எழுதித் தருமாறு மலிக் ஷா கேட்டுக்கொண்டதன் பேரில் இந்நூல் உருவாயிற்று. முதலில் 39 இயல்கள் எழுதப்பட்டன. பின்னர் வாழ்வின் இறுதிக் காலத்தில் மேலும் 11 இயல்கள் சேர்க்கப்பட்டன. இவ்விரு பகுதிகளுக்கும் இடையிலுள்ள தொனி வேறுபாடு எளிதில் தெரியக்கூடியது. முன்பகுதி அமைதியான ஆசிரியரின் குரல்; பின்பகுதியில் ஏதோ ஒன்று அவரை உறுத்துகிறது.

நூலின் நான்காம் இயலில் வரும் ஒரு கதையை இங்குச் சற்று விரிவாகவே நினைவுகூர விரும்புகிறோம். சாசானிய மன்னன் பஹ்ராம் கூருக்கு ஒரு வஸீர் இருந்தான். ராஸ்த் ரவிஷ் என்பது அவன் பெயர். நேர்வழி நடப்பவன் என்பது அதன் பொருள். மன்னன் அனைத்தையும் அவனிடம் ஒப்படைத்துவிட்டு வேட்டையிலும் விருந்திலும் காலம் கழித்தான். நம் நீதியால் குடிமக்கள் துணிவு மிகுந்தவர்களாகிவிட்டனர், தண்டித்தால்தான் அடங்குவர் என்று வஸீர் சொன்னதை நம்பி அதற்கும் இசைந்தான். நாடு வறண்டது, கருவூலம் காலியாயிற்று. மனம் கலங்கிய மன்னன் ஒருநாள் தனியே குதிரையேறிப் பாலைவெளியில் செல்லும்போது ஒரு கூடாரத்தின் அருகில் நாயொன்று தூக்கிலிடப்பட்டிருப்பதைக் கண்டான். ஆட்டிடையனிடம் காரணம் கேட்டான். அந்த நாய் நெடுநாள் மந்தையைக் காத்து வந்தது என்றும், ஆடுகள் குறைந்துகொண்டே வருவதைக் கண்டு தான் மறைந்திருந்து பார்த்தபோது அது ஒரு பெண் ஓநாயுடன் கூடிவிட்டு, அந்த ஓநாய் ஆட்டைத் தூக்கிச் செல்லும்போது குரைக்காமல் படுத்திருந்தது என்றும் இடையன் சொன்னான். மன்னன் திரும்பி வந்து சிறைகளைத் திறந்து விசாரித்தான். வஸீரின் செயல்கள் வெளிப்பட்டன.

இக்கதையில் வரும் நாய் ஆட்டைக் கடிக்கவில்லை, தின்னவும் இல்லை. அதன் குற்றம் வேறொரு உறவு கொண்டிருந்ததும், அந்த உறவின் பொருட்டுக் குரைக்க வேண்டிய நேரத்தில் வாய்மூடி இருந்ததுமே ஆகும். நலன்முரண் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நாம் எங்கும் கண்டதில்லை. ஊழலில் கை நீள்கிறது. நலன்முரணில் வாய் மூடிக்கொள்கிறது. முன்னதை எண்ணிக் கணக்கிட்டுவிடலாம். பின்னதற்குத் தடயமே இராது. ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன் ஒரு வஸீர், தம்மைப் போன்ற வஸீர்களை மறைமுகமாகக் கண்காணிக்க வேண்டும் என்று சுல்தானுக்கே எழுதித் தந்தது போற்றத்தக்கது என்பதில் ஐயமில்லை.

எனினும் நூலை மூடிவைத்துவிட்டு நூலாசிரியரின் வீட்டுப் பக்கம் திரும்பினால் காட்சி மாறுகிறது. ஒருவருக்கு இரு பதவிகள் தரலாகாது என்பதற்கென்றே பின்பகுதியில் ஓர் இயல் உண்டு. முற்காலத்தில் ஒருவருக்கு ஒரு பணியே தரப்பட்டது என்றும், இப்போது ஒருவரே பல பணிகளை வைத்துக்கொண்டிருக்க, தகுதியுடையோர் வேலையின்றி வாடுகின்றனர் என்றும் அதில் வருந்துகிறார். இக்குறைக்கு மன்னரின் கவனமின்மையையும் வஸீரின் திறமையின்மையையும் காரணமாகக் காட்டுகிறார். அதே காலத்தில் அவருடைய மகன்களும் பேரர்களும் பேரரசின் நகரங்களிலும் திவான்களிலும் பதவிகளில் அமர்ந்திருந்தனர். அவருக்கு மட்டுமே விசுவாசமுடைய ஆயிரக்கணக்கான மம்லூக் வீரர்களும் இருந்தனர். அவர் மறைவுக்குப் பின்னும் அப்படை நிஜாமிய்யா என்ற அவர் பெயராலேயே அறியப்பட்டது. நூலில் இவற்றைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

வரலாற்றாசிரியர் இப்னு அஸீர் ஹிஜ்ரி 485ஆம் ஆண்டின் நிகழ்வுகளில் பதிவுசெய்துள்ள ஒரு செய்தி இங்குப் பொருந்தும். நிஜாமுல் முல்க்கின் பேரர் உஸ்மான் மர்வ் நகரின் பொறுப்பில் இருந்தார். அங்குப் படைத்தலைவராகச் சுல்தான் அனுப்பிய ஒருவருடன் அவருக்குப் பிணக்கு ஏற்பட்டது. பாட்டனாரின் செல்வாக்கை நம்பிய உஸ்மான் அப்படைத்தலைவரைச் சிறைபிடித்து இழிவுபடுத்தினார். சினமுற்ற மலிக் ஷா, ஆட்சியில் நீர் எமக்குப் பங்காளி என்றால் அதைச் சொல்லிவிடும், அல்லவெனில் உம் பிள்ளைகளை அடக்கி வையும் என்ற பொருள்படத் தூது அனுப்பினார். தாம் பங்காளி என்பதைச் சுல்தான் இதுவரை அறியாதிருந்தால் இப்போது அறிந்துகொள்ளட்டும் என்றும், சுல்தானின் மகுடம் தம் மைக்கூட்டுடன் பிணைக்கப்பட்டது என்றும் முதியவர் பதில் கூறினார். தூது சென்ற அதிகாரிகள் இதனை மென்மையாக்கிச் சொல்வதெனத் தமக்குள் பேசி வைத்துக்கொண்டனர். அவர்கள் அப்படிச் செய்வர் என்று முன்பே கணித்திருந்த சுல்தான், அவர்களுடன் தம் நம்பிக்கைக்குரிய ஒருவரையும் சேர்த்தே அனுப்பியிருந்தார். அவர் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டார். ஆள்பவரின் செவிக்குச் செல்லும் சொல் எத்தனை கைகளில் திருத்தம் பெறுகிறது என்பதற்கு இந்த ஒரு நிகழ்ச்சி போதும்.

பின்பகுதியின் இன்னோர் இயல், திரைக்குப் பின்னுள்ள பெண்டிரை அரசியலில் தலையிட விடலாகாது என்று எச்சரிக்கிறது. இதனை இஸ்லாமிய அரசியல் கோட்பாடாகவே எடுத்துக்காட்டுவோர் இன்றும் உளர். அவ்வியல் எழுதப்பட்ட நேரத்தில் சுல்தானின் மனைவி தெர்க்கன் காத்தூன் தம் சிறு மகன் மஹ்மூதைப் பட்டத்துக்கு முன்னிறுத்திக்கொண்டிருந்தார். நிஜாமுல் முல்க் மூத்த மகன் பர்க்யாரூக்கின் பக்கம் நின்றார். காத்தூனின் வஸீர் தாஜுல் முல்க், இவருடைய பதவியையே குறிவைத்திருந்தார். ஆகவே பொதுவிதியாகச் சொல்லப்பட்டது ஒரு வழக்கில் ஒரு தரப்பின் வாதமாகவும் இருந்தது. வாதம் செய்வது பிழையன்று. தாம் வழக்கில் ஒரு தரப்பு என்பதைச் சொல்லாமல், நடுநின்று நெறி உரைப்பவரின் குரலில் வாதம் செய்வதே சிக்கல். ஆலோசனை கேட்ட சுல்தானுக்கு உண்மையில் தேவைப்பட்ட முதல் தகவல், ஆலோசகருக்கு இதில் என்ன நலன் உண்டு என்பதே. நூல் முழுவதையும் தேடினாலும் அது கிடைப்பதில்லை.

1092 அக்டோபரில், ரமளான் மாதம் பத்தாம் நாள், இஸ்ஃபஹானிலிருந்து பக்தாத் செல்லும் வழியில் நிஹாவந்த் அருகே, மனு கொடுக்க வந்தவன் போல் நெருங்கிய ஓர் இளைஞனால் அவர் குத்திக் கொல்லப்பட்டார். பாதினிகள் மீது பழி விழுந்தது. தாஜுல் முல்க்கின் மீதும் சுல்தானின் மீதும்கூட ஐயம் எழுந்தது. ஏறத்தாழ ஐந்து வாரங்களில் மலிக் ஷாவும் மறைந்தார். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் நிஜாமிய்யாப் படையினர் தாஜுல் முல்க்கைப் பழிதீர்த்தனர்.

ஒரு பெரிய மனிதரின் நூலில் குறை தேடுவது நம் நோக்கமன்று. அறிவுரை இலக்கியம் என்ற இந்த வகைமையின் இயல்பையே இக்குறை காட்டித்தருகிறது என்பதே நம் கருத்து. அது குணத்தைப் பேசும், இருக்கையைப் பேசாது. நல்ல வஸீர் இப்படி இருப்பார், தீய வஸீர் அப்படி இருப்பான் என்று கதைகளை அடுக்கும். நல்லவரே ஆனாலும் அந்த இருக்கையில் அமர்ந்தவரிடம் எந்தக் கணக்கைக் கேட்க வேண்டும், எப்போது கேட்க வேண்டும் என்பதைச் சொல்லாது. நம் திருக்குறளின் அமைச்சு அதிகாரத்தையும் இந்நோக்கில் பார்க்கலாம். அங்கும் அமைச்சனின் இயல்புகளே பேசப்படுகின்றன. நிஜாமுல் முல்க்குக்குச் சற்று முற்பட்டவரான மாவர்தீ (மறைவு 1058) தம் அல்அஹ்காமுஸ் சுல்தானிய்யாவில் வஸீர் பதவியை இரண்டாகப் பிரித்தார். தாமே முடிவெடுக்கும் அதிகாரம் பெற்ற தஃப்வீள் வஸீர் ஒருவர். ஆள்பவரின் முடிவைக் கொண்டுசேர்க்கும் தன்ஃபீத் வஸீர் மற்றொருவர். சட்ட அறிஞரின் தெளிவு இப்பகுப்பில் உண்டு. ஆனால் தன்ஃபீத் வஸீருக்கு அவர் விதிக்கும் நிபந்தனைகளும் நம்பகம், வாய்மை, பேராசையின்மை என்று குணப்பட்டியலாகவே நீள்கின்றன. இக்கால அரசியல் உதவியாளர் பெரும்பாலோர் பெயரளவில் தன்ஃபீத் வகையினர். தாங்கள் வெறும் தூதர்கள் என்பதே அவர்களின் வாதம். நடைமுறையில் அவர்கள் தஃப்வீள் அதிகாரத்தைச் செலுத்துகின்றனர். அதற்குரிய பொறுப்பு மட்டும் அவர்கள் மேல் இல்லை.

கலீஃபா உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்) சொந்தப் பேச்சு தொடங்கியதும் அரசு விளக்கை அணைத்த கதையை நாம் அனைவரும் கேட்டு வளர்ந்திருக்கிறோம். அழகிய கதைதான். ஆயினும் அதனைக் கேட்டுவிட்டு எழுந்து செல்பவர், விளக்கை அணைப்பவர் ஒருவர் வரட்டும் என்று காத்திருக்கவே கற்றுக்கொள்கிறார். எண்ணெய்க்குக் கணக்கு எழுதக் கற்றுக்கொள்வதில்லை.

கணக்கு எழுதும் மரபு நம்மிடம் இல்லாமல் இல்லை. அது வேறு அலமாரியில் இருக்கிறது. அரசர்களுக்கான அறிவுரை நூல்களை விட்டுவிட்டு ஹதீஸ், ஃபிக்ஹ் நூல்களைத் திறந்தால் முற்றிலும் வேறான ஒரு மொழியைச் சந்திக்கிறோம். ஸக்காத் திரட்ட அனுப்பப்பட்ட இப்னுல் லுத்பிய்யா என்பவர் மதீனா திரும்பி, இது உங்களுக்குரியது, இது எனக்கு அன்பளிப்பாகத் தரப்பட்டது என்று பிரித்துக் காட்டினார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மிம்பரில் ஏறி, நாம் ஒரு பணிக்கு அனுப்பும் ஒருவர் வந்து இவ்வாறு சொல்வதென்ன என்று கேட்டார்கள். அவர் தம் தந்தையின் வீட்டிலோ தாயின் வீட்டிலோ அமர்ந்திருந்து, அந்த அன்பளிப்பு தம்மைத் தேடி வருகிறதா இல்லையா என்று பார்த்திருக்கலாமே என்றார்கள். அபூ ஹுமைத் அஸ்ஸாஇதீ (ரலி) அறிவிக்கும் இந்த ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இடம்பெற்றுள்ளது. அந்தப் பொருளைத் தந்தவர் நல்லெண்ணத்துடன் தந்தாரா, பெற்றவர் அதற்குக் கைம்மாறாக ஏதேனும் செய்தாரா என்ற ஆய்வு இங்கு இல்லை. மிம்பரில் அம்மனிதரின் குணம் பேசப்படவில்லை. இந்தப் பொருள் மனிதரைத் தேடி வந்ததா, இருக்கையைத் தேடி வந்ததா என்ற ஒரே வினாதான் எழுப்பப்பட்டது.

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் இந்த வினாவை நிர்வாக முறையாகவே மாற்றினார்கள். ஆளுநராக ஒருவரை நியமிக்கும்போது அவருடைய சொத்தை எழுதி வைத்துக்கொள்வதும், பின்னர் மிகுந்திருப்பதைப் பங்கிட்டுப் பைத்துல்மாலில் சேர்ப்பதும் அவர்கள் வழக்கம் என்று பலாதுரீ போன்றோர் பதிந்துள்ளனர். சிறப்புமிக்க ஸஹாபாக்களும் இதற்கு உட்பட்டனர் என்பதைச் சொல்ல நம் எழுத்தாளர் பலர் தயங்குகின்றனர். தயங்க வேண்டியதில்லை. பாதியை எடுத்துக்கொண்டதற்கு அவர்கள் குற்றவாளிகள் என்பது பொருளன்று. திருடிய பொருளாக இருந்தால் முழுவதையும் எடுத்துத் தண்டனையும் அளித்திருப்பார்கள். உழைப்பால் வந்தது எது, இருக்கையால் வந்தது எது என்று பிரித்தறிய இயலாதபோது பொதுச்சொத்தின் பக்கம் நின்று செய்யப்பட்ட தீர்வு அது. குற்றம் நிரூபிக்கப்பட்டால்தான் கேள்வி கேட்கலாம் என்ற இக்கால அரசியல்வாதிகளின் வாதத்துக்கு இதில் விடை உண்டு.

இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் கிராள் பாடத்தில் வரும் நிகழ்ச்சி இன்னும் கூர்மையானது. உமர் (ரலி) அவர்களின் மகன்களான அப்துல்லாஹ்வும் உபைதுல்லாஹ்வும் படையுடன் இராக் சென்று திரும்பும் வழியில் பஸராவின் ஆளுநர் அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்களைச் சந்தித்தனர். கலீஃபாவுக்கு அனுப்ப வேண்டிய பொதுப்பணம் அவரிடம் இருந்தது. அதனைக் கடனாக எடுத்துச் சென்று இராக்கியச் சரக்கை வாங்கி மதீனாவில் விற்று, முதலைக் கலீஃபாவிடம் தந்துவிட்டு இலாபத்தை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அவ்வாறே செய்தனர், இலாபமும் கிடைத்தது. படையினர் ஒவ்வொருவருக்கும் இதேபோல் அவர் கடன் கொடுத்தாரா என்று உமர் (ரலி) கேட்டார்கள். இல்லை என்றனர். அமீருல் முஃமினீனின் மகன்கள் என்பதால்தான் உங்களுக்குக் கொடுத்திருக்கிறார். முதலையும் இலாபத்தையும் வைத்துவிடுங்கள் என்றார்கள். அப்துல்லாஹ் பேசவில்லை. பணம் நட்டப்பட்டிருந்தால் நாங்கள்தானே ஈடுசெய்திருப்போம் என்று உபைதுல்லாஹ் வாதிட்டார். அவையில் இருந்த ஒருவர் இதனைக் கிராளாக ஆக்கிவிடலாமே என்று யோசனை சொல்ல, முதலும் இலாபத்தில் பாதியும் பைத்துல்மாலுக்குச் சென்றன.

கிராள் என்பதைத்தான் முளாரபா என்றும் சொல்கிறோம். வட்டியில்லா வங்கிகள் பற்றிய கருத்தரங்குகளில் முளாரபாவுக்கு ஆதாரமாக இந்நிகழ்ச்சி தவறாமல் எடுத்துக்காட்டப்படுகிறது. இலாபம் பாதிக்குப் பாதி என்பதே அங்கு எல்லோருக்கும் பயன்படுகிறது. ஒவ்வொருவருக்கும் இதேபோல் கொடுத்தாரா என்ற முதல் வினா மேடைக்கு வருவதே இல்லை. அபூமூஸா (ரலி) சட்டவிரோதமாக எதையும் செய்யவில்லை. பணம் குறைவின்றி மதீனா வந்து சேர்ந்தது. இளைஞர் இருவரும் பொறுப்புடன் நடந்துகொண்டனர். எல்லாம் சரியாக இருந்தும் ஒன்று சரியில்லை என்பதைக் காணும் கண் அந்த வினாவில் இருக்கிறது. நம் பொருளியல் அறிஞர்கள் அந்தப் பாடத்தின் இரண்டாம் பாதியை மட்டும் மனனம் செய்துவைத்திருப்பது வியப்பூட்டுகிறது.

வணிகரே அரசியல் துணைவராகவும் அமைவதன் சிக்கலை நம் முன்னோர் அறிந்தே இருந்தனர். முதல் கலீஃபாவாகப் பொறுப்பேற்ற அபூபக்கர் (ரலி) அவர்கள் வழக்கம்போல் துணிமூட்டையுடன் சந்தைக்குப் புறப்பட்டபோது தடுக்கப்பட்டு அவர்களுக்கு உதவித்தொகை நிர்ணயிக்கப்பட்டது. நம் கடற்கரையிலும் இதற்கு ஒரு கிளைக்கதை உண்டு. கீழக்கரையின் சீதக்காதி கடல்வணிகர். இராமநாதபுரம் கிழவன் சேதுபதியின் அவையில் பெருஞ்செல்வாக்குப் பெற்றிருந்தவர். டச்சுக் கம்பெனியாரின் ஆவணங்களில் பெரிய தம்பி என்று குறிக்கப்படும் பெருவணிகரை அவராகவோ அவர் குடும்பத்தாராகவோ ஆய்வாளர்கள் கொள்கின்றனர். செத்தும் கொடுத்தான் சீதக்காதி என்ற பழமொழியை அறியாத தமிழர் இல்லை. சேதுபதியின் கடற்கரைக் கொள்கையில் அவ்வணிகரின் நலன் எங்குத் தொடங்கி எங்கு முடிந்தது என்ற கேள்வியை நம் இலக்கிய வரலாற்று நூல்கள் கேட்டதில்லை. அவரைப் பாடிய புலவர்கள் அவரிடம் பரிசில் பெற்றவர்கள். வள்ளன்மை மெய்யே, அதனைச் சொன்ன சாட்சிகளின் நிலையையும் கருத வேண்டும் என்பதே நாம் சொல்ல வருவது.

புலவர்களுக்கு உள்ள சிக்கல் ஆலிம்களுக்கும் உண்டு. 1067இல் பக்தாத் நிஜாமிய்யா திறக்கப்பட்ட நாளில் ஊரே திரண்டு காத்திருக்க, ஆசிரியராக நியமிக்கப்பட்ட ஷாஃபிஈ அறிஞர் அபூ இஸ்ஹாக் ஷீராஸி வரவில்லை. அந்த இடத்திலும் கட்டுமானப் பொருள்களிலும் பிறரிடமிருந்து பறிக்கப்பட்டவை உள்ளன என்று வழியில் அவரிடம் ஒருவர் சொன்னதே காரணம். இப்னுஸ் ஸப்பாஃக் என்ற அறிஞர் இருபது நாள்கள் அவ்விடத்தில் பாடம் நடத்தினார். பின்னர் வற்புறுத்தலின் பேரில் ஷீராஸி பொறுப்பேற்றார். ஆயினும் தொழுகை நேரம் வந்ததும் அங்கிருந்து வெளியேறி வேறு பள்ளியில் தொழுவார் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். சம்பளத்தை ஏற்று, பாடம் நடத்தி, தொழுகைக்கு மட்டும் வெளியே செல்வதை எப்படி மதிப்பிடுவது? பாதி நேர்மை என்று நகைப்போர் நகைக்கலாம். அந்தக் கட்டடத்துக்கும் தமக்கும் இடையே ஒரு கேள்வி உள்ளது என்பதை ஒவ்வொரு நாளும் ஐந்து வேளையும் ஊரறியக் காட்டிக்கொண்டிருந்த ஓர் ஆசிரியரை நாம் இதில் காண்கிறோம்.

அதே நிஜாமிய்யாவில் 1091இல் நிஜாமுல் முல்க்கால் நியமிக்கப்பட்டு, 1095இல் அனைத்தையும் துறந்து வெளியேறியவர் இமாம் கஸ்ஸாலி (ரஹ்). அதன்பின் உருவான இஹ்யா உலூமித்தீனின் ஹலால்–ஹராம் பகுதியில் அன்பளிப்புக்கும் இலஞ்சத்துக்கும் உள்ள வேறுபாட்டை ஆராயும்போது இப்னுல் லுத்பிய்யா ஹதீஸையே அளவுகோலாக எடுத்துக்கொள்கிறார். நீதிபதியும் அதிகாரியும் தம்மைத் தாய்தந்தையர் வீட்டில் இருப்பவராகக் கற்பனை செய்துகொள்ள வேண்டும். பதவி நீங்கிய பின்னும் எது வந்திருக்குமோ அதனைப் பெறலாம். பதவியின் பொருட்டு வருவது ஹராம். நண்பர் தருவதில் பதவி நீங்கினாலும் தந்திருப்பாரா என்று ஐயம் இருந்தால் அது ஷுப்ஹா, தவிர்க்க வேண்டும். சியாசத்நாமா சுல்தானுக்கு வாசித்துக் காட்டக் கதைகளைத் தருகிறது. இஹ்யா தனிமனிதரிடம் ஒரு தேர்வுத்தாளைத் தருகிறது. வஸீரின் தயவில் அமர்ந்து எழுந்தவரே அதனை எழுதினார் என்பதில் அதன் நம்பகம் கூடுகிறது.

ஆயினும் இமாம் அவர்களின் அளவுகோலில் ஓர் இடைவெளி இருப்பதை இக்காலம் காட்டியுள்ளது. பதவி நீங்கியவரைத் தேடி யாரும் வரமாட்டார் என்பது அவர் காலத்து உலகியல். அப்பாசிய, செல்ஜூக் ஆட்சிகளில் நீக்கப்பட்ட வஸீரைத் தேடி வந்தது பெரும்பாலும் சொத்துப் பறிமுதலே. இன்றோ பதவியில் இருக்கும்போது எதையும் பெறாமல், நீங்கிய பின் பெற்றுக்கொள்ளும் முறை வளர்ந்துவிட்டது. பதவிக்குப் பின் வருவது தூயது என்ற விதியை அப்படியே பின்பற்றினால் மிகப் பெரிய அன்பளிப்புகள் அனைத்தும் தூயவையாகிவிடும்.

பலரும் அறிந்த ஓர் எடுத்துக்காட்டு போதும். அமெரிக்க அதிபர் டொனால்ட் ட்ரம்ப்பின் மருமகன் ஜாரெட் குஷ்னர் 2017 முதல் 2021 ஜனவரி வரை அதிபரின் மூத்த ஆலோசகராக இருந்தார். சம்பளம் பெறவில்லை. மத்தியக் கிழக்கு விவகாரங்கள் அவர் பொறுப்பில் இருந்தன. சவூதி பட்டத்து இளவரசர் முஹம்மது பின் சல்மானுடன் நெருங்கிய தொடர்பு வைத்திருந்தார். பதவிக்காலம் முடிந்து சில மாதங்களில் அவர் தொடங்கிய அஃபினிட்டி பார்ட்னர்ஸ் என்ற முதலீட்டு நிறுவனத்துக்குச் சவூதி அரசின் பொது முதலீட்டு நிதியம் 200 கோடி டாலரை ஒப்படைத்தது. 2022 ஏப்ரலில் நியூயார்க் டைம்ஸ் இச்செய்தியை வெளியிட்டது. விதி எதையும் மீறவில்லை என்பது குஷ்னர் தரப்பு. அது இலஞ்சம் என்று நாமும் சொல்லவில்லை. சொல்வதற்கு ஆதாரமும் நம்மிடம் இல்லை. இமாம் கஸ்ஸாலியின் அளவுகோலின் சொற்களை மட்டும் பிடித்துக்கொண்டால் அவர் தப்பிவிடுகிறார். பணம் பதவி நீங்கிய பின் வந்தது. மிம்பரிலிருந்து எழுந்த வினாவுக்குத் திரும்பினால் அவர் தப்புவது கடினம். முதலீட்டு நிதியத் துறையில் அனுபவம் இல்லாத ஒருவர், வெள்ளை மாளிகைக்குள் ஒருநாளும் நுழையாமல் தம் தந்தையின் வீட்டில் இருந்திருந்தால், இந்தத் தொகை ரியாதிலிருந்து அவரைத் தேடி வந்திருக்குமா?

அவ்வினாவின் வீச்சு பெற்றவரோடு நிற்பதில்லை. இலஞ்சம் பற்றிய நபிமொழி தருபவரையும் பெறுபவரையும் சேர்த்தே கண்டிக்கிறது. வெளிநாட்டுத் தலைவர்களின் உதவியாளர்களைப் பற்றி எழுதும்போது கூர்மையாக இருக்கும் நம் பேனா, தருபவர் ஒரு முஸ்லிம் அரசாக இருக்கும்போது மழுங்கிவிடுவதைப் பார்க்கிறோம். பொது முதலீட்டு நிதியத்தில் இருப்பது ஒரு நாட்டு மக்களின் செல்வம். அதன் நிர்வாகக் குழுவின் தலைவர் பட்டத்து இளவரசர். தருபவரின் பக்கத்திலும் ஆலோசகர்கள் இருந்தனர் என்பது இச்செய்தியில் அதிகம் பேசப்படாத பகுதி. முதலீடுகளைச் சலித்துப் பார்க்கும் பொறுப்பிலிருந்த உட்குழு 2021 ஜூன் இறுதியில் கூடி இத்திட்டத்தை ஆராய்ந்தது. நிறுவன நிர்வாகத்தின் அனுபவமின்மை, கட்டணத்தின் மிகுதி, நற்பெயருக்கு நேரக்கூடிய இடர் ஆகியவற்றைக் குறிப்பிட்டு எதிர்ப்புத் தெரிவித்தது. இளவரசர் தலைமையிலான குழு அதனைப் புறந்தள்ளி ஒப்புதல் அளித்தது. அந்த உட்குழுவினரின் கருத்து ஏற்கப்படவில்லை. எனினும் குரைக்க வேண்டிய நேரத்தில் அவர்கள் குரைத்தனர். கூட்டக் குறிப்பில் அதனை எழுதியும் வைத்தனர். அடுத்த ஆண்டு உலகம் வாசித்தது அந்தக் குறிப்பைத்தான்.